பேரீச்ச மரத்தடியில் மாட்டிய டிஷ்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். கோழி கிளறிய மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆறாவதுக்குச் செய்யூர் போகவேண்டும்; அந்த வருடமே அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டேன். மஸ்கட்டில் இருக்கும் நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். நீயும் ஏதாவது எழுது, பிழையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். பிழையைத் திருத்துங்கள். நான் செய்ததை மட்டும் நல்லதாகத் திருத்திவிடாதீர்கள்.

நான் இருக்கும் ஊர் மஸ்கட்டிலிருந்து வெகு தூரம். சூர் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. முப்பது நாற்பது வீடு, பேரீச்சந்தோப்பு, ஆட்டுப்பட்டி, மலையிலிருந்து இறங்கும் ஒரு வாய்க்கால். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் தோட்ட வேலையும் வீட்டு வேலையும் பார்க்கிறேன். இங்கே எனக்கு இன்னமும் புதிதாகத் தெரிவது காலைக் காப்பிதான். அதைக் கஹ்வா என்பார்கள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஏலக்காய் வாசம் வரும். கிண்ணம் கட்டைவிரல் உயரம்தான். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தாலும் கிண்ணம் ஒன்றோ இரண்டோதான் சுற்றும். முதலில் விருந்தாளி குடிப்பார். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டிவிட்டுக் கொடுப்பார். அதே கிண்ணத்தில் அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். முதலாளி குடித்த கிண்ணம் டிரைவருக்கு வரும், டிரைவர் குடித்தது ஆடு மேய்க்கும் பங்களாதேஷ்காரருக்கு வரும், அப்புறம் எனக்கு. நான் குடித்த கிண்ணம் திரும்ப முதலாளிக்குப் போகும். வந்த புதிதில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் வாய் வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கிண்ணம் அழுக்காக இருக்கிறது என்று நினைத்து முதலாளி உள்ளே போய் வேறு கிண்ணம் கொண்டுவந்தார். எனக்கு விளக்கிச் சொல்ல பாஷை இல்லை. பாஷை இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

முதலாளியை அர்பாப் என்று கூப்பிடுவோம். பெயர் சாலிம். அவர் மனைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளை பெயர் நாசர் என்பதால் உம் நாசர், அதாவது நாசரின் அம்மா. இது எனக்கு உடனே பழகிவிட்டது. எங்கள் குப்பத்திலும் அப்படித்தானே. என் மனைவி அஞ்சலை கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ‘இந்தாய்யா’ என்றே ஓட்டினாள். பெண் பிறந்த பிறகுதான் எனக்கு ஒரு பேர் கிடைத்தது. நித்யாப்பா. இங்கே பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் வேறு யாரோ ஒருவனுடையது போலத்தான் எனக்கு எப்போதும் இருக்கும்.

எங்கள் பள்ளத்தில் டவர் கிடையாது. இது சத்தியமான உண்மை, போன வருடம் கார்த்திகை வரைக்கும். வெள்ளிக்கிழமை காலையில் அர்பாப் பட்டணத்துக்கு வண்டி எடுக்கும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு, மலைமேல் ஒரு வளைவில் இறக்கிவிட்டுப் போவார். அந்த வளைவில் மட்டும் டவர் கிடைக்கும். அக்கம்பக்கத்துப் பண்ணை ஆட்கள் எல்லோரும் அங்கே வந்துவிடுவார்கள். பாறைக்கு ஒருவராக உட்கார்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அவரவர் பாஷையில் கத்துவார்கள். என் ஊரில் வாரச்சந்தை கூடுவதைப் போல இருக்கும், வாங்குவதற்கும் விற்பதற்கும் மட்டும் ஒன்றும் இருக்காது. எனக்குக் கத்த வராது. நேரில் பேசவே கூச்சப்படுகிறவன், இத்தனை பேருக்கு நடுவில் போனில் என்ன பேசுவேன்? சாப்பிட்டியா, மழை உண்டா, தம்பி கடலுக்குப் போறானா. அவ்வளவுதான். வைத்துவிட்டு மீதி நேரம் நித்யா அனுப்பும் குரல் மெசேஜ்களைக் காதில் வைத்துக் கேட்பேன். பேசுவதைவிடக் கேட்பது எனக்கு எளிது.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். நித்யா மறைமலைநகரில் காருக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் கூட வரும் பையன், பெயர் பிரபு. அதே கம்பெனி, வேறு லைன். ஊர் செய்யூர் பக்கம்தான், ஆனால் கடற்கரை இல்லை, உள்ளே. நெல்லும் வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற பக்கம். அதில் எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“காலனிப்பா. ஒளிச்சி சொல்ல எனக்கு இஷ்டமில்ல. அவங்க அப்பா அம்மா மத்தவங்க நெலத்துல கூலிக்குப் போனவங்கதான். உனக்கு இன்னா தோணுதோ சொல்லு. நீ வேணாம்னாலும் சொல்லு. அம்மாவ கேட்டா உங்கப்பன் சொல்றதுதான்னு சொல்லுது.”

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்புறம் வெயில் அதிகம் என்றேன். வைத்துவிட்டேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு எங்கள் குப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. அதன் சொல்லை மீறி வெளியே பெண் கொடுத்தால், அதுவும் அந்தப் பக்கம் கொடுத்தால், யாரும் வந்து அடிக்கமாட்டார்கள். என் தம்பியின் போட்டைத் தண்ணீரில் தள்ள ஒரு கை வராது, அவ்வளவுதான். ஏலத்தில் அவன் மீனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். அஞ்சலை தண்ணிக் குழாய்க்குப் போனால் பேச்சு நின்றுவிடும். சரி என்று நான் சொன்னால் இதெல்லாம் அவர்கள் தலையில் விழும், நான் இங்கே பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருப்பேன். வேண்டாம் என்று சொன்னால் என் பெண்ணின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இதில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

கடலை விட்ட பிறகு, இங்கே வருவதற்கு முன்னால் நான் டிஷ் மாட்டும் வேலை செய்தேன். செய்யூரில் ஒரு டிவி கடை. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அந்த ஒரு கடைதான். மொபெட்டில் முன்னால் டிஷ்ஷை நிறுத்தி, பின்னால் டிரில் மெஷின் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். டிவி டிஷ் என்பது ரொம்பப் பிடிவாதம் பிடிக்கும். வானத்தில் தெற்கே ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கும். ஒரு விரல் நகர்ந்தாலும் படம் வராது. கடலில் மீன் இருக்கும் இடத்துக்கு அடையாளம் வைக்க, கரையில் தெரியும் பனையையும் அதற்குப் பின்னால் தெரியும் கோபுரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்போம். அந்தப் பழக்கம் எனக்கு இதில் உதவியது. மாடியில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன். கீழே டிவி முன்னால் வீடே உட்கார்ந்திருக்கும்.

“வந்துச்சா?”

“வர்ல.”

“இப்ப?”

“வந்துச்சி, வந்துச்சி. ஐயோ, போயிடுச்சி அண்ணாத்த. இன்னாத்த தொட்ட?”

அந்த ‘வந்துச்சி’யைக் கேட்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். நான் யாரோடும் பேசவேண்டியதில்லை, ஆனால் என்னால் ஒரு வீடு சிரிக்கும். மற்ற வீடுகளில் இறங்கி வந்ததும் மோர் கொடுப்பார்கள், டீ கொடுப்பார்கள், குடிப்பேன். காலனிக்குள் மூன்று நான்கு வீட்டில் மாட்டியிருக்கிறேன். அங்கே எதுவும் குடிக்கமாட்டேன். கடையில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான். குடிக்காதே என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாங்களும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு சித்திரை மாத மத்தியானம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொகுப்பு வீடு, மொட்டை மாடியில் கால் வைக்கமுடியாத சூடு. மாட்டி முடித்து இறங்கும்போது சட்டை பிழியலாம் போல இருந்தது. அந்த வீட்டு அம்மா கடலை பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், தலையெல்லாம் செம்மண். கையைக் கழுவிக்கொண்டு, எவர்சில்வர் சொம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அப்படிக் கழுவியது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது. தாகம் இல்லம்மா என்றேன். ஒரு மைல் தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகை. வண்டியை நிறுத்தி, குழாயில் வாயை வைத்து வயிறு முட்டக் குடித்தேன்.

என் பெண் “காலனிப்பா” என்று சொன்னதும் அந்தச் சொம்புதான் எனக்கு முன்னால் வந்தது. பஞ்சாயத்து என்பதெல்லாம் அப்புறம் நான் தேடி எடுத்துக்கொண்டது.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. வெள்ளிக்கிழமை அவள் கேட்பாள், நான் டவர் சரியில்லம்மா என்பேன். இரண்டு வாரம் கூப்பிடவே இல்லை. வளைவில்தான் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த மெசேஜைத் திறந்தால் நீலக் குறி விழுந்துவிடும் என்று ஒரு மலையாளிப் பையன் சொல்லியிருந்தான். அதனால் புதியதைத் தொடாமல் பழைய குரல் மெசேஜ்களைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். அப்பா, இன்னிக்கு கம்பெனி கேன்டீன்ல கேசரி போட்டாங்க. அப்பா, மகாபலிபுரம் போனோம், கடல் ரொம்ப உள்ள வந்திருச்சி. இப்படி.

கார்த்திகையில் அர்பாப் ஒரு பெட்டியோடு வந்தார். நாசர் குளிர் நாட்டில் படிக்கப் போயிருந்தான். அவன் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டும் என்று உம் நாசர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதனால் வானத்திலிருந்து நேராக இன்டர்நெட் இறக்கும் டிஷ் வாங்கிவிட்டார். பெட்டியைத் திறந்தால் குழிவே இல்லை. சமையல் மேடைக் கல் மாதிரி வெள்ளையாக, தட்டையாக ஒரு பலகை. மாட்ட பட்டணத்திலிருந்து ஆள் வர நாள் ஆகும் என்றார்கள். நான் ஊரில் இந்த வேலை செய்தவன் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். அர்பாப் என் தோளைத் தட்டி, நீதான் இஞ்சினியர், ஏறு என்றார்.

அந்த வாரம்தான் அஞ்சலையிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன், வீட்டுக்கே நெட் வருகிறது என்று. நித்யா பக்கத்திலிருந்து போனை வாங்கி, “அப்ப இனிமே டவர் இல்லன்னு சொல்லமாட்டேல்ல” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்தப் பலகை டிவி டிஷ் மாதிரி இல்லை. மேலே ஒரே சாட்டிலைட் நிற்பதில்லை. நிறைய சாட்டிலைட் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்று போனால் அடுத்ததை இது பிடித்துக்கொள்ளும். அதனால் இதற்கு வானம் அகலமாகத் திறந்து கிடக்கவேண்டும். ஒரு மரம் மறைத்தாலும் அந்தப் பக்கம் போகும்போது அறுந்துவிடும். பெட்டியில் இருந்த படத்திலேயே மரத்தைப் போட்டு மேலே சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள். எழுத்து தெரியாதவனுக்கும் அது புரியும். அர்பாப் வீட்டு மாடி அகலமானது. வடக்கு மூலையில் எந்த மறைப்பும் இல்லை. தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு பெரிய பேரீச்ச மரம் மாடிக்கு மேலே ஓலையை விரித்து நிற்கிறது.

நான் தென்மேற்கு மூலையில் துளை போட்டேன்.

ஊர்ப் பழக்கத்தில் கை தெற்கே போய்விட்டது என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அர்பாப் கேட்டபோதும் அதையே சொன்னேன். எங்கள் நாட்டில் எல்லா டிஷ்ஷும் தெற்கே பார்த்துத்தான் இருக்கும், மரம் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை என்றேன். வேலை தெரிந்தவன் சொல்கிறான் என்று அவர் நம்பினார். போனில் அந்த டிஷ் கம்பெனி ஆப் வானத்தைப் படம் பிடித்து, பாதி வானத்தைச் சிவப்பாகக் காட்டியது. அவர் பார்ப்பதற்குள் விரலால் தள்ளிவிட்டேன். பழக்கம் எல்லாம் இல்லை. தெரிந்துதான் மாட்டினேன். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை லைன் அறுந்தது. நலம் விசாரிக்க அது போதும். அந்தப் பேச்சுக்குப் போதாது. நித்யா “அப்பா, அது இன்னா யோசிச்சே” என்று ஆரம்பிக்கும்போது நான் மனசுக்குள் நிமிடத்தை எண்ணுவேன். முகம் அப்படியே உறைந்து நிற்கும். என் பெண்ணின் முகம் பாதி வாய் திறந்தபடி நிற்பதைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறேன். அதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

உம் நாசரை நான் அப்போது நினைக்கவே இல்லை.

அவர் தினமும் சாயங்கால அசர் தொழுகை முடித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு, கூடத்தில் போனைத் தலையணையில் சாய்த்துவைத்து உட்காருவார். நாசர் வருவான். பேசுவார்கள். அறுந்துவிடும். திரும்பக் கூப்பிடுவார். அறுந்துவிடும். முதலில் போனைத் துணியால் துடைத்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகப் பேசினால் அறாது என்று நினைத்தாரோ என்னவோ, ரகசியம் பேசுவது மாதிரி பேச ஆரம்பித்தார். இப்படி இரண்டு மாதம்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை. கூடத்துக்கு வெளியே நான் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே போனில் மகன் முகம் உறைந்து நின்றது. அந்த நின்றுபோன முகத்தைப் பார்த்து அவர் ‘சாமிஹ்னி, சாமிஹ்னி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள். ஆட்டுக்கு மறந்துபோய்த் தண்ணி வைக்காத நாட்களில் நான் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரபியும் இந்தியும் கலந்து கேட்டார். எனக்குப் புரிந்தது இவ்வளவு: எப்போது திரும்பி வருவாய் என்று நான் கேட்கிறேன், அது அவனுக்குப் பிடிக்கவில்லை, அதனால் அவனே பொத்தானை அமுக்கிவிடுகிறானா?

இல்லை மாமா, நெட் சரியில்லை, நாசர் நல்ல பிள்ளை என்றேன். வீட்டு அம்மாவை இங்கே மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தலையை ஆட்டினார். நான் ஆறுதலுக்குப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தன் நெஞ்சில் கை வைத்து, நீ நல்லவன் என்றார். ஆறு மாதமாக நான் சொன்ன பொய்யை எல்லோரும் நம்பினார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதை ஒருவரும் நம்பவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பட்டணத்துக்கு வரவில்லை என்று அர்பாபிடம் சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் மாடிக்குப் போனேன். போல்ட்டைக் கழற்றி, பலகையைத் தூக்கிக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனேன். புதிதாக நான்கு துளை. ஒயரை இழுத்து கிளிப் அடித்தேன். ஆப்பில் வானம் முழுக்க நீலமாக ஆயிற்று. பழைய இடத்தில் நான்கு துளைகள் அப்படியே திறந்து கிடந்தன. அங்கேயே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஊருக்குக் கூப்பிட்டேன். ஒன்பது வருடத்தில் நானாக வீடியோ போட்டது அதுதான் முதல் தடவை.

நித்யா எடுத்தாள். பின்னால் எனக்குத் தெரியாத ஒரு சுவர், புதுப் பெயின்ட். கழுத்தில் மஞ்சள் கயிறு.

“திங்கக்கிழமப்பா,” என்றாள். “சிங்கப்பெருமாள் கோயில்ல தாலி கட்டி, அப்பிடியே செங்கல்பட்டுல ரிஜிஸ்தர் பண்ணிகினு வந்தோம். இங்கதான் கோயிலாண்டயே வூடு எடுத்துகினு கீறோம். கம்பெனி பஸ் இங்கியே நிக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. ‘அப்பா நாளைக்கு முக்கியமான’ என்பது வரைக்கும் போனின் மேலே தெரிந்தது. அதே கேள்விதான் என்று நினைத்து நான் திறக்கவில்லை.

“டவர்...” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம்பா.” கோபமாகச் சொல்லவில்லை. “பேரு கீழயே ஆன்லைன்னு காட்டும்பா. உனக்குத் தெரியாதா? நீ டவர் இல்லன்னு சொன்ன நாளெல்லாம் நான் பாத்துகினுதான் இருந்தேன். அரமணி நேரம், ஒரு மணி நேரம் இருப்பே. உனக்குச் சொல்ல வரல, பேசட்டும், பேசட்டும்னு வுட்டுட்டேன். திங்கக்கிழம பதினொன்னரைக்கு கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போடறதுக்கு முன்னால ஒரு தபா பாத்தேன். ஆன்லைன்ல இருந்தே.”

திங்கட்கிழமை பதினொன்றரை என்றால் இங்கே காலை பத்து. தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, அதே மாடியில் மரத்தடியில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேன்டீன் கேசரி. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு சாக்காகத்தான் இருக்கும்.

அங்கே வந்திருந்த அஞ்சலை போனை வாங்கினாள். அவள்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்தில் கூப்பிட்டு, அப்பன்காரன் இன்னா சொல்றான் என்று கேட்டார்களாம்.

“அவரு சம்மதம் சொல்ட்டாருன்னு சொன்னேன். போன்ல சொன்னாருன்னு. வேற இன்னா சொல்லச் சொல்ற என்னிய? உன் தம்பி போட்ட நாலு நாளா கரையிலதான் கட்டி வெச்சிகீறான். நான் சொன்னதுக்கு ரெண்டு பேராச்சும் வருவாங்க தள்ள. ஆனா நேரா உன் வாயால கேக்கணும்ன்றாங்க. சொல்லுவியா நித்யாப்பா?”

சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன். அப்போது அந்தப் பையன் வந்தான். வெட்கப்படுகிறவன், என்னைப் போலவே. அங்க வெயிலா மாமா என்றான். ஆமாம் என்றேன். அப்புறம், ஏதாவது பேசவேண்டுமே என்று நினைத்தானோ என்னவோ, அவனாகவே சொன்னான்:

“எங்க வூட்டு டிஷ்ஷு நீங்கதான் மாமா மாட்னீங்க. இப்பவும் மேலதான் கீது. படம்லாம் வர்றதில்ல, எல்லாம் போன்லதான் பாக்கறோம். அம்மா மட்டும் கழட்ட வுடமாட்டாங்க. இப்பவும் சொல்லுவாங்க, அந்த வெயில்ல வந்து ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம வேலையே கண்ணா இருந்தாரு அந்தக் குப்பத்துக்காரருன்னு.”

அந்த அம்மா உண்மையாகவே அப்படி நினைத்தாரா, இல்லை தெரிந்துகொண்டே பிள்ளையிடம் அப்படிச் சொல்லி வைத்தாரா? எனக்குத் தெரியவில்லை. எது என்றாலும் என்னால் தாங்கமுடியவில்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவு தாகம் இருந்தது தம்பி என்று சொல்லவேண்டும். நான்கு நிமிடம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அறவில்லை. வடக்கு மூலையில் வானம் திறந்து கிடந்தது. நான் சரிப்பா, வேலை இருக்கு என்று சொல்லி நானே பொத்தானை அமுக்கினேன்.

அன்று சாயங்காலம் உம் நாசர் மகனோடு ஒரு மணி நேரம் பேசினார். நான் செய்ததை அர்பாபிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில். தெற்கு தப்பு, மரம் தப்பு, நான் தப்பு என்றேன். வேலையில் கைதவறியதைச் சொல்கிறேன் என்று நினைத்து, பரவாயில்லை, கலாஸ், முடிந்தது என்று சிரித்தார். கஹ்வா வந்தது. அவர் குடித்த கிண்ணத்தில் எனக்கு ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். ஒன்பது வருடமாகக் குடிக்கிறேன். இங்கே யார் குடித்த கிண்ணமானாலும் என்னால் குடிக்கமுடிகிறது. ஏழை நாட்டிலிருந்து வந்தவன், கொடுத்ததைக் குடிக்கவேண்டியவன் என்பதால் குடித்தேனா, இல்லை மனசு மாறித்தான் குடித்தேனா என்று அன்றைக்குத்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் என் ஊரில், கழுவி வைத்த ஒரு சொம்பில் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுகிறேன். லைன் அறுவதே இல்லை. பஞ்சாயத்துப் பெரியவர்கள் கேட்கவேண்டிய வார்த்தையை மட்டும் இன்னும் என் வாயால் சொல்லவில்லை. தம்பியின் போட்டைத் தள்ள மூன்று பேர் வருகிறார்கள், ஐந்து பேர் வேண்டும். இந்த மலர் குப்பத்துக்கும் நாலு பிரதி போகும் என்று சொன்னார்கள். வாயால் வராததைக் கையால் எழுதுகிறேன். அதற்குத்தான் இவ்வளவு எழுதினேன்.

என் மகள் நித்யாவை, செய்யூர்ப் பக்கம் காலனியைச் சேர்ந்த பிரபு கட்டிக்கொண்டது எனக்குச் சம்மதம். அஞ்சலை பஞ்சாயத்தில் சொன்னது பொய் இல்லை. நான் சொல்லவேண்டியதை அவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அடுத்த லீவில் வந்தால் என் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் சம்பந்தி வீட்டுக்குப் போவேன். சம்பந்தியம்மா ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருக்கவேண்டும். கழுவவேண்டாம்.

இதை மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நான் மாட்டிய டிஷ் ஒன்று அங்கே, படம் வராமல், இன்னமும் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று இங்கே என் தலைக்கு மேலே. இரண்டு வீடும் என்னுடையது இல்லை. பேரீச்ச மரத்தடியில் அந்த நான்கு துளைகளை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டேன். சுவர் ஒரு நிறம், அடைத்த இடம் ஒரு நிறம். அர்பாப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வைகாசி ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை. இங்கே காலை பத்து மணி. அங்கே பதினொன்றரை.